மாறாத கரை

இராயபுரத்துக் கரை 1875க்கு முன் ஏறக்குறைய மாறாமல் இருந்தது. மணல் சும்மா கிடந்ததாக இதற்குப் பொருளில்லை. தென்மேற்குப் பருவத்து அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். தெற்கிலிருந்து வந்த அளவே வடக்கே போயிற்று.

வகைக்கெழுச் சமன்பாட்டின் மாறாநிலைத் தீர்வு இப்படிப்பட்டதுதான். காலத்தோடு மாறும் வீதத்தைப் பூஜ்யமாக்கினால் மிஞ்சுவது. வரவும் செலவும் ஓடிக்கொண்டேயிருக்க, பேரேட்டில் இருப்பு மட்டும் அதே தொகை.

1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அலைதடுப்புச் சுவர்களை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. மீனவர் வீடுகள் கடலுக்குள் போயின. கல் கொட்டிய இடத்தில் கரை பிழைத்தது. அரிப்பு திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கே நகர்ந்தது.

1956இல் பெல்நார்-கோன்சிதேர் என்ற பிரெஞ்சுக்காரர் கரைக்கோட்டின் நகர்வை, வெப்பம் பரவுவதற்குரிய சமன்பாட்டாலேயே எழுதினார். அதில் ஒரு முனையேனும் கட்டுண்டிருந்தால், மாறாநிலை தன் தொடக்கத்தை மறந்துவிடும். எல்லைகளில் நிகழ்வதே அதைத் தீர்மானிக்கும். இங்கே எல்லையில் சுவரை வைத்தது ஒரு நிர்வாகம். அதன்பின் கடல் தன் புதிய கணக்கைத் தேடுவதை நாம் 'கடல் சீற்றம்' என்கிறோம்.

பழைய கரை எங்கே இருந்தது என்பதைச் சமன்பாடு கேட்காது. குப்பத்துக் கிழவர்கள் கடலுக்குள் கைநீட்டிக் காட்டுவார்கள். துறைமுகத்தின் வரலாற்றை அங்கிருந்தும் எழுதவேண்டும்.