பெட்ரோல் ஆவியில் ஓடும் கார்: 200 மைல் கதையும் ஒரு கணக்கும்

பெட்ரோலைத் துளியாகத் தெளிக்காமல், முழுக்க ஆவியாக்கி எஞ்சினுக்குள் விட்டால் காலனுக்கு 200 மைல் போகும். அதைக் கண்டுபிடித்த கனடாக்காரரை எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கிவிட்டன. இந்தக் கதையை டீக்கடையிலோ யூடியூபிலோ வாட்ஸ்அப்பிலோ ஏதாவது ஒரு வடிவத்தில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு மட்டும் இது வருடத்துக்கு இரண்டு தடவையாவது வந்து சேர்கிறது. பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் கூடுதலாக ஒன்று.

கதையில் வரும் ஆள் நிஜம். பெயர் சார்லஸ் நெல்சன் போக், ஊர் வின்னிபெக். அவர் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமைகளும் நிஜம்: 1930இல் 1,750,354, 1935இல் 1,997,497, 1936 ஜனவரியில் 2,026,798. எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு வார இறுதியில் உட்கார்ந்து படித்தேன். பெட்ரோலுக்கு ஊடாகக் காற்றைக் குமிழியாக விடுவது, எக்ஸாஸ்ட் சூட்டைக் கொடுத்து ஆவியாக்குவது, கனமான துளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு உலர்ந்த ஆவியை மட்டும் சிலிண்டருக்கு விடுவது, இதுதான் ஏற்பாடு. வரைபடங்கள் நேர்த்தியாக இருக்கின்றன. 200 மைல் என்பது அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்திகளில் வந்த எண்.

இந்த யோசனை நம் எல்லோருக்கும் சட்டென்று சரி என்று படுவதற்குக் காரணம் இருக்கிறது. பம்ப் ஸ்டவ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அனுபவ அறிவு. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, பர்னரைச் சூடாக்கி, அப்புறம் பம்ப் அடித்தால் மண்ணெண்ணெய் ஆவியாக வந்து நீலமாக எரியும். அவசரப்பட்டு, சூடேறும் முன்பே அடித்தால் மஞ்சள் நெருப்பு, கரி, பாத்திரமெல்லாம் கறுப்பு. ஆவி நன்றாக எரியும், திரவம் மோசமாக எரியும், இது கண்ணால் பார்த்தது. அப்போ எஞ்சினிலும் அப்படித்தானே இருக்கணும்?

அங்கேதான் சிக்கல். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம்: ஆவியில் ஓடும் கார் எதிர்காலத்திலிருந்து திருடப்பட்ட கண்டுபிடிப்பு இல்லை. காரின் கதை தொடங்கியதே அதில்தான். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில் இருந்தது ஆவிக் கார்புரேட்டர். ஒரு கலத்தில் எரிபொருள் இருக்கும், அதன் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு காற்று போகும், போகிற காற்று ஆவியையும் அள்ளிக்கொண்டு எஞ்சினுக்குள் நுழையும், அவ்வளவுதான். 1888இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனதும் இப்படிப்பட்ட வண்டியில்தான். நடுவில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் லிக்ரோயின் வாங்கி ஊற்றிக்கொண்டார். எளிதில் ஆவியாகும் சுத்தம் செய்யும் திரவம் அது. அப்போது அதை மருந்துக்கடையில்தான் விற்றார்கள்.

அப்புறம் ஏன் விட்டார்கள்? பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. ஏறத்தாழ 35 டிகிரியில் கொதிப்பதிலிருந்து 200 டிகிரியில் கொதிப்பது வரை பல சேர்மங்களின் கூட்டு. காற்றைத் தடவ விட்டால் லேசானவை முதலில் பறந்துவிடும், கனமானவை கலத்திலேயே தங்கும். காலையில் ஒரு கலவை, மதியம் ஒரு கலவை, வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் அந்தக் கணத்திலேயே கூடுதல் ஆவி வரவும் வராது. 1893இல் வில்ஹெல்ம் மேபாக் ஜெர்மனியிலும், பாங்கி, சொன்கா என்ற இரண்டு பேர் ஹங்கேரியிலும், தெளிக்கும் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார்கள். திரவத்தை அளந்து தெளி, பிறகு அது போகிற வழியில் ஆவியாகட்டும். கலவை கைக்குள் வந்தது. பழைய முறை ஒதுங்கியது. யாரும் அதை அமுக்கவில்லை.

சரி, இப்போது கணக்கு. நான் கம்ப்யூட்டர் ஆள், மெக்கானிக்கல் இல்லை. ஆனால் இதற்கு பி.இ. முதல் வருட இயற்பியலே போதும்.

கனடா காலன் 4.546 லிட்டர். 200 மைல் என்றால் 322 கி.மீ. ஆக லிட்டருக்கு 70.8 கி.மீ. (மைலேஜ் என்று சொல்லிக்கொண்டு நாம் கிலோமீட்டரில் எண்ணுவது வேறு கதை.) ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் சுமார் 32 மெகாஜூல். வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 0.45 மெகாஜூல் கிடைக்கும். இது மொத்த வரவு.

செலவு? அந்தக் காலத்து போர்டு வி8 காரை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக, மணிக்கு 60 கி.மீ., சமதளம், பிரேக்கே தொடவில்லை. டயர் உருளும் தடை சுமார் 175 நியூட்டன். அலமாரி மாதிரி நிமிர்ந்து நிற்கும் அந்த உடம்புக்குக் காற்றுத் தடை, தாராளமாகக் குறைத்துப் போட்டாலும், 200 நியூட்டன். இரண்டும் சேர்த்து 375. ஒரு கிலோமீட்டர் தள்ள 0.375 மெகாஜூல்.

0.375ஐ 0.45ஆல் வகுத்தால் 83 சதவீதம் வருகிறது. அதாவது பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் 83 பங்கு நேராகச் சக்கரத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்த எஞ்சினின் கம்ப்ரெஷன் ரேஷியோ ஆறுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. அந்த விகிதத்துக்கு ஆட்டோ சுழற்சியின் உச்சவரம்பு, உராய்வும் இல்லை, வெப்பம் கசிவதும் இல்லை, எரிபொருள் கடைசித் துளிவரை எரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், 51 சதவீதம்தான். நிஜத்தில் அதில் பாதி வந்தாலே பெரிசு. கார்புரேட்டர் எவ்வளவு அற்புதமாக இருந்தாலும் இந்த 51ஐத் தாண்ட வைக்க முடியாது.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். 20 மைல் ஓடிய காரை வெறும் ஆவியாக்கியே 200 ஓட வைக்க முடியும் என்றால், அதற்கு முன்னால் பத்தில் ஒன்பது பங்கு பெட்ரோல் எரியாமலேயே வெளியே போயிருக்க வேண்டும். அப்படிப்பட்ட காரின் பின்னால் நின்று பீடி பற்ற வைக்கக்கூடாது! சூடேறிய எஞ்சினில், கலவை சரியாக இருந்தால், எரிபொருளின் ஆற்றலில் 95 முதல் 98 சதவீதம் எரிந்தே வெளிப்பட்டுவிடுகிறது. இழப்பு எரியாததில் இல்லை, எரிந்ததில் இருக்கிறது. தோராயமாக மூன்றில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் சூடாகப் போகிறது, இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியாகப் போகிறது. பம்ப் ஸ்டவ் உதாரணம் கவிழ்வது இங்கேதான். ஸ்டவ்வுக்குச் சூடுதான் சரக்கு. எஞ்சினுக்குச் சூடு மூலப்பொருள், தள்ளுவதுதான் சரக்கு.

1977இல் டெக்சாஸின் எல் பாசோ நகரத்தில் டாம் ஓகிள் என்ற இருபதுகளில் இருந்த இளைஞர், கனமான ஃபோர்டு கேலக்ஸி காரில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஆவியில் ஓட்டிக் காட்டினார். காலனுக்கு 100 மைலுக்கு மேல் என்றார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் பங்க் வாசலில் வரிசையில் நின்ற ஞாபகம் அமெரிக்கர்களுக்கு ஆறியிருக்கவில்லை, ஊரே கொண்டாடியது. 1979இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது, எண் 4,177,779. 1981இல் இறந்துபோனார். இளவயது மரணம் சதிக்கதைக்கு உரம். அந்தக் காருக்கும் மேலே போட்ட அதே கணக்கைப் போட்டேன், 80 சதவீதத்தைத் தாண்டுகிறது.

சதிக்கதையில் ஒரு கிளை உண்டு. போகின் கருவியைக் கெடுக்கத்தான் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள் என்று. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில். ஏனென்றால் தேதி பொருந்தவில்லை என்பது மட்டுமல்ல, நிஜமாக மறைக்கப்பட்ட விஷயம் இதன் நிழலில் காணாமல் போகிறது.

கம்ப்ரெஷன் ரேஷியோ கூடினால் மைலேஜ் கூடும், கூட்டினால் நாக்கிங் வரும். அதை அடக்க மருந்து தேடிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கண்டுபிடித்தார். 1923 பிப்ரவரியில் ஒஹாயோவின் டேட்டன் நகரத்தில் விற்பனை. போகின் முதல் காப்புரிமைக்கு ஏழு வருடம் முன்னால்! சாராயமும் நாக்கிங்கை அடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஈயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், ஈயம் என்ற சொல் வராமல் 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இதைக் கையாண்ட ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தார்கள். மிட்ஜ்லி நிருபர்கள் முன்னால் அதில் கையைக் கழுவிக் காட்டினார். புவி வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் 1960களில் காற்றிலும் உடம்பிலும் ஏறிய ஈயத்தை அளந்து சொன்னபோதும் கம்பெனிகள் எதிர்த்தே நின்றன. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றது 2000இல், உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் நின்றது 2021இல். நானும் என் வயதுக்காரர்களும் பஸ் ஸ்டாண்டில் நின்று சுவாசித்து வளர்ந்தது அதைத்தான். மைலேஜுக்குப் பின்னால் சதி தேடுகிறவர்கள் தோண்ட வேண்டிய இடம் இது.

ஆவிக்காரர்களில் நான் மதிக்கிற ஒருவர் உண்டு: ஸ்மோக்கி யூனிக். டேட்டோனா பீச்சில் பட்டறை வைத்திருந்த நாஸ்கார் மெக்கானிக். 1980களில் அவர் செய்த சூடான ஆவி எஞ்சினில், கூலன்ட் சூடு, எக்ஸாஸ்ட் சூடு இரண்டையும் கொடுத்துக் கலவையை 200 டிகிரிக்கு மேல் ஏற்றினார். அவ்வளவு சூட்டில் காற்று விரிந்து, சிலிண்டருக்குள் போகும் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட டர்போ வைத்தார். அவர் 200 மைல் கதை சொல்லவில்லை, பான்டியாக் ஃபியரோ என்ற சின்னக் காரில் 50 மைல் என்றார். உற்பத்திக்கு வரவில்லை. ஆனாலும் சீரான, காற்று அதிகமான கலவையை நாக்கிங் இல்லாமல் எரிக்கிற அவருடைய குறி சரியான குறிதான். 2019இல் மாஸ்டா விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கைஆக்டிவ் எக்ஸ் எஞ்சின் அதே குறிக்கு வேறு வழியில் போனது.

நம் ஊரிலும் ஆவி எஞ்சின் இருந்தது. பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வயல் பம்ப்செட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் சூடுதான் மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. மண்ணெண்ணெய் சீக்கிரம் நாக்கிங் பண்ணும் என்பதால் கம்ப்ரெஷனைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். மலிவான எரிபொருளை எரிக்க முடிந்தது, மைலேஜ் அதிசயம் எதுவும் நடக்கவில்லை.

பெரிய முன்னேற்றம் நேர் எதிர்த் திசையில் வந்தது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும், முழுக்க ஆவியானால் காற்று கிட்டத்தட்ட 24 டிகிரி வரை குளிரும். அந்தக் குளிர்ச்சியை ஏன் வெளியிலேயே வீணாக்க வேண்டும் என்று கேட்டு, திரவமாகவே சிலிண்டருக்குள் பீய்ச்சினார்கள். 1996இல் மிட்சுபிஷி இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. உள்ளே குளிர்ந்தால் நாக்கிங் குறையும், கம்ப்ரெஷனைக் கூட்டலாம். டொயோட்டாவின் ஹைபிரிட் எஞ்சின்கள் 40 சதவீதத்தைத் தொட்டிருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை நூற்றுக்கு மேற்பட்ட மைலேஜ் கருவிகளைப் பரிசோதித்தது, பெரிதாக மிச்சம் பிடிக்கும் ஒன்று கூடத் தேறவில்லை.

போகின் காப்புரிமைகள் பதினேழு வருடக் கெடு முடிந்து 1953க்குள் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. எந்த நாட்டு எந்தக் கம்பெனியும் ஒரு பைசா கொடுக்காமல் செய்து விற்கலாம், எழுபது வருடமாக.

இதில் எனக்குப் பிடித்த கடைசித் துணுக்கு: இன்று விற்கும் பெட்ரோல் காரின் டேங்கிலிருந்து எழும் ஆவியை ஒரு கறுப்பு டப்பாவில் இருக்கும் கரி உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. வண்டி ஓடும்போது ஒரு சின்ன வால்வு திறந்து அதை எஞ்சினுக்குள் விடுகிறது. 1970இல் கலிபோர்னியா கட்டாயமாக்கிய ஏற்பாடு, காற்று கெடாமலிருக்க. உங்கள் காரும் அவ்வப்போது ஆவியில்தான் ஓடுகிறது.