டப்பாவில் பெயர் எழுதியவர்கள்: ஒரு சமையலறையின் கதை

இன்றைக்கு ஒரு இழுப்பறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அலுமினியத்தில் செய்தது, பார்க்க நீளமான மக் மாதிரி இருக்கும். முன்பக்கம் கைப்பிடி, பின்பக்கம் மூக்கு. வெளியே இழுத்து, தூக்கி, சாய்த்து, நேராகப் பாத்திரத்தில் கொட்டலாம். முகப்பில் சர்க்கரை, அரிசி, ரவை என்று ஜெர்மன் மொழியில் பெயர் இருக்கும். இப்படி வரிசை வரிசையாக இழுப்பறைகள். 1920-களின் பிற்பாதியில் பிராங்க்ஃபர்ட் நகரம் கட்டிய குடியிருப்புகளில் வாடகைக்குப் போனவர்களுக்கு, வீட்டோடு சேர்த்து இந்த அலமாரியும் கிடைத்தது. எந்த டப்பாவில் எதைப் போடணும் என்பதை அவங்க வருவதற்கு முன்பே வேறொருவர் முடிவு பண்ணி எழுதியிருந்தார்.

வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லித்தரும் வீடியோக்களில் ஒரு அறிவுரை திரும்பத் திரும்ப வரும். வீட்டில் எந்த இடத்தில் அதிக நேரம் இருக்கீங்களோ, முதலில் அந்த இடத்து அடைசலைக் கழியுங்கள் என்று. எனக்கு அது வேலை மேஜை. ஆனால் இந்த யோசனையின் சரித்திரத்தைத் தேடிப் போனால் மேஜையில் போய் நிற்காது, அடுப்படியில்தான் நிற்கும். அதை யோசித்தவர்கள் பற்றித்தான் இந்த எபிசோட்.

முதல் ஆள் அமெரிக்காவின் காத்தரின் பீச்சர். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் அக்கா. 1869-ல் அக்காவும் தங்கையும் சேர்ந்து 'தி அமெரிக்கன் வுமன்ஸ் ஹோம்' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் ஒரு சமையலறை வரைபடம் இருக்கிறது. மாவுத் தொட்டி, காய் நறுக்கும் பலகை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி இருக்கும். அடுப்புக்குத் தனி அறை. இதற்கு அவர்கள் காட்டிய முன்மாதிரி நீராவிக் கப்பலின் சமையல் அறை. அவ்வளவு சின்ன இடத்தில் இருநூறு பேருக்குச் சமைக்கிறார்கள், சமையல்காரர் ஓரிரு அடி எடுத்து வைத்தாலே எல்லாம் கைக்கு எட்டுது என்கிறார்கள்.

இந்தக் கப்பல் உதாரணத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. கப்பல் சமையல் அறைக்குள் குழந்தை தவழ்ந்து வராது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை திண்டில் ஏறி உட்கார்ந்து கதை சொல்லாது. அங்கே இருப்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். வேலை முடிந்தால் வெளியே போய்விடுவார்.

அடுத்து நாற்பது வருஷம் தாவலாம். 1911-ல் ஃபிரெடரிக் டெய்லரின் அறிவியல் மேலாண்மைப் புத்தகம் வந்தது. ஸ்டாப்வாட்சும் கையுமாகத் தொழிலாளிகள் பின்னால் நின்று, எந்த அசைவு வீண் என்று கணக்கெடுத்த மனிதர். நாங்க இன்றைக்குக் கோடில் ப்ரொஃபைலர் ஓட்டி, எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்கிறது என்று பார்ப்போமே, அதற்குக் கொள்ளுத்தாத்தா. தொழிற்சாலைக்குச் சரியாக வருகிற முறை வீட்டுக்கு ஏன் வராது என்று கேட்டவர் கிறிஸ்டீன் ஃபிரெடரிக், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் குடியிருந்த இல்லத்தரசி. தான் பாத்திரம் கழுவுவதையே அளந்து பார்த்து, கழுவுவதில் மட்டும் 80 தப்பான அசைவுகள் இருந்ததாக எழுதினார். அவருடைய கட்டுரைகள் 1912-ல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' பத்திரிகையில் வந்தன, மறு வருஷம் புத்தகமாயின. அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, பாத்திரம் எங்கே என்று இரண்டு வரைபடங்கள் போட்டு, நடக்கும் பாதையைக் கோடாக இழுத்துக் காட்டினார். ஒன்றில் கோடுகள் நூல்கண்டு சிக்கின மாதிரி இருக்கும். இன்னொன்றில் ஒரே சீரான ஓட்டம். அந்த இரண்டு படங்களைப் பார்த்தால் எந்த எஞ்சினியரும் மயங்கிடுவான். நானும் மயங்கினேன்.

அதே கிறிஸ்டீன் 1929-ல் இன்னொரு புத்தகம் எழுதினார். பெயர் 'செல்லிங் மிஸஸ் கன்ஸ்யூமர்'. இல்லத்தரசிகளிடம் பொருளை எப்படி விற்பது என்று வியாபாரிகளுக்கும் விளம்பரக்காரர்களுக்கும் சொல்லித்தரும் புத்தகம். பொருள் தேயும் முன்பே புதுசுக்கு மாறுவது நல்ல பழக்கம் என்று வாதாடும் புத்தகம். அடுப்படியில் வீண் அசைவைக் குறைக்கச் சொன்ன அதே கை, அடுப்படியைச் சாமான்களால் நிரப்பவும் வழி சொன்னது. ஒழுங்குபடுத்தும் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே டப்பா செட் விளம்பரம் வருதே, அந்தக் கூட்டணிக்கு இவ்வளவு வயசாகிறது.

லில்லியன் கில்பிரெத் வேறு மாதிரி. பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர், உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கணவர் ஃபிராங்கும் அவரும் சேர்ந்து தொழிற்சாலைகளில் அசைவு ஆராய்ச்சி செய்துவந்தார்கள். 1924-ல் கணவர் இறந்தார். ஒரு பெண்ணோடு ஒப்பந்தத்தைத் தொடரப் பல கம்பெனிகளுக்கு மனசில்லை. வீட்டு வேலை என்றால் பெண் பேசலாம் என்று உலகம் ஒத்துக்கொள்ளும், இல்லையா? அந்தக் கதவு வழியாக உள்ளே போனார். ஒரு ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக் செய்ய 281 அடி நடக்க வேண்டியிருந்ததை, இடத்தை மாற்றி அடுக்கி 45 அடியாகக் குறைத்துக் காட்டினார். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத் தொட்டி, ஃபிரிட்ஜ் கதவின் உள்தட்டு, இரண்டையும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். மேடையின் உயரம் அங்கே நிற்கும் பெண்ணின் உயரத்துக்குத் தக்கபடி இருக்கணும் என்றும் சொன்னார். சந்தை இதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் ஒரே உயரம் என்று ஆக்கிவிட்டது.

இனி பிராங்க்ஃபர்ட்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் வீட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றில் சமையலும் சாப்பாடும் குளியலும் தூக்கமும் ஒரே அறையில். பிராங்க்ஃபர்ட்டின் கட்டடப் பொறுப்பில் இருந்த எர்ன்ஸ்ட் மே, புதுக் குடியிருப்புகளை வேகமாக எழுப்பிக்கொண்டிருந்தார். அதற்காக 1926-ல் வியன்னாவிலிருந்து ஒரு பெண் கட்டடக் கலைஞரை அழைத்தார். மார்கரெட்டே லிஹோட்ஸ்கி. பின்னால் கல்யாணமாகி ஷூட்டே-லிஹோட்ஸ்கி. அப்போது அவருக்கு வயசு 29. கிட்டத்தட்ட என் வயசு.

கிறிஸ்டீன் புத்தகத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை லிஹோட்ஸ்கி படித்திருந்தார். அதோடு இன்னொரு முன்மாதிரியையும் எடுத்துக்கொண்டார்: ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறை. அங்கே கப்பல், இங்கே ரயில். பார்த்தீங்களா?

அவர் வரைந்தது 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். சுமார் 70 சதுர அடி. சுழலும் ஸ்டூலில் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் காய் நறுக்கலாம். நறுக்கும் பலகையிலிருந்து குப்பையை நேராகத் தள்ளிவிட ஒரு தட்டு. சுவரில் மடித்து வைக்கும் இஸ்திரிப் பலகை. விளக்கை மேலே ஒரு தடத்தில் வேண்டிய பக்கம் நகர்த்தலாம். பாத்திரம் கழுவினால் துடைக்க வேண்டாம், மரச்சட்டத்தில் அதுவாக வடியும். மாவுப் பெட்டி மட்டும் ஓக் மரத்தில், புழு அண்டாது என்பதற்காக. அலமாரிக்கு நீலப் பச்சை வண்ணம், ஈ வராது என்று அன்றைக்கு நம்பினார்கள். அடுப்புக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே தள்ளுகதவு, தூரம் சில எட்டுகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கையில் அகப்பட்ட நல்ல கோடைப் படிக்கிற சுகம். இப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் போட்டார்கள்.

லிஹோட்ஸ்கியின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண்கள் வெளியே வேலைக்குப் போகப் போறாங்க, வீட்டு வேலை அவங்க வாழ்க்கையைத் தின்னக் கூடாது, அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே வரட்டும் என்றுதான் அவர் நினைத்தார். அழகு காட்ட வரைந்தவர் அல்ல. ஆனால் பின்னாளில் அவரே சொன்னார்: அதை வரைவதற்கு முன் தான் வீட்டு நிர்வாகமும் பண்ணினதில்லை, சமைத்ததும் இல்லை என்று. காத்தரின் பீச்சர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். கில்பிரெத் வீட்டில் வேலைக்கு ஆள் இருந்தது. இவர்களில் பெரும்பாலோர் தினமும் அடுப்படியில் நின்றவர்கள் இல்லை.

குடிவந்தவர்கள் என்ன செய்தார்கள்? பலருக்கு எதை எங்கே செய்வது என்றே புரியவில்லை. ஒரே ஒருவர் நிற்கத்தான் இடம். அம்மாவும் மகளும் சேர்ந்து வேலை செய்ய வழியில்லை. கணவர் நினைத்தாலும் உள்ளே வர முடியாது. மாவும் சர்க்கரையும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில். இந்தப் பெயர் எழுதின இழுப்பறைகள் இருக்கே, அதில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று.

இதைப் படித்ததும் எனக்கு எங்க வீடு ஞாபகம் வந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மாடுலர் கிச்சன் போட்டோம். போட்ட கடையின் பெயர் வேண்டாம். வந்த டிசைனர் அளவெடுத்தார், லேப்டாப்பில் திருப்பித் திருப்பிக் காட்டினார், அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் மூன்றும் முக்கோணமாக வரணும் என்று விளக்கினார். எல்லாம் என்னிடமும் அப்பாவிடமும். அம்மா டீ கொண்டுவந்து வைத்தபோது நிறம் மட்டும் கேட்டார். இன்றைக்கு மசாலாவுக்கென்று வைத்த இழுப்பறையில் கேஸ் புக், ரேஷன் கார்டு, அப்பாவின் பிரஷர் மாத்திரை. அஞ்சறைப் பெட்டி எப்பவும் போல அடுப்புக்குப் பக்கத்தில், மேடை மேலேயே. "இழுத்து இழுத்து யாருடா எடுக்கறது, கை ஈரமா இருக்கும்" என்றாள் அம்மா. அந்தப் பெட்டிக்கு மேலே ஒரு எழுத்துக்கூட இல்லை. ஏழு கிண்ணத்தில் எது எங்கே என்று அவள் பார்க்காமலே எடுப்பாள். பெயர் எழுதுவது, அந்த இடம் யாருக்குத் தெரியாதோ அவங்களுக்காக. அம்மா ஊருக்குப் போயிருக்கும் நாளில் நான் சீரகத்தைத் தேடும்போது லேபிள் இருந்தால் பெரிய உபகாரம்தான்.

சரி, அடி குறைந்தது, அசைவு குறைந்தது. நேரம் குறைந்ததா? 1974-ல் ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வெளியே வேலைக்குப் போகாத அமெரிக்கப் பெண்கள் வீட்டு வேலையில் செலவிட்டது 1920-களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம். 1960-களில் சுமார் 55. நடுவில் வந்தவை வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், ஒழுங்கான சமையலறை, எல்லாமும்! 1983-ல் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற புத்தகத்தில் காரணம் சொன்னார். விறகு வெட்டுவது மாதிரி ஆண்கள் செய்துவந்த வேலைகளும், பிள்ளைகளும் வேலைக்காரர்களும் செய்துவந்த வேலைகளும்தான் முதலில் காணாமல் போயின. இன்னொரு பக்கம், சுத்தம் என்பதன் அளவுகோல் உயர்ந்தது. தினம் ஒரு சட்டை துவைத்தாகணும், தினம் வேறு வேறு சமையல் வேணும். மிச்சமான நேரத்தைப் புது வேலை வந்து நிரப்பியது. ரேம் எவ்வளவு போட்டாலும் ப்ரவுசர் சாப்பிட்டுவிடும் என்று நாங்க புலம்புவதும் இதே கணக்குதான், அங்கே பாவம் யாருக்கும் கால் வலிக்காது.

நம்ம ஊர்க் கணக்கும் ஒன்று சொல்றேன். 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டாங்க. ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் அப்படி ஈடுபடும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர். "அதிக நேரம் இருக்கும் இடத்தை ஒழுங்கு பண்ணுங்க" என்ற அறிவுரை இந்த எண்ணுக்குள் நுழையவே நுழையாது. இடம் எவ்வளவு அழகானாலும் அங்கே நிற்பவர் மாறவில்லை. பிராங்க்ஃபர்ட் அறை அதை இன்னும் இறுக்கியது, இரண்டாவது ஆளுக்கு அதில் தரையே இல்லை. 1970-களில் பெண்ணியவாதிகள் அந்தச் சமையலறையைக் கடுமையாக விமர்சித்தது இதற்காகத்தான். லிஹோட்ஸ்கி அந்த விமர்சனத்தையும் காது கொடுத்துக் கேட்கும் வயதுவரை இருந்தார்.

அவர் கதையின் மிச்சம் சமையலறையைவிடப் பெரியது. 1930-ல் சோவியத் யூனியன் போனார். பிறகு இஸ்தான்புல். அங்கிருந்து ஆஸ்திரியக் கம்யூனிஸ்டுகளின் நாஜி எதிர்ப்பு வேலைக்காக வியன்னா திரும்பினார். 1941 ஜனவரியில் கெஸ்டபோ பிடித்தது, 15 வருஷத் தண்டனை. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்து சிறையைத் திறக்கும்வரை உள்ளேதான் இருந்தார். போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் என்பதாலேயே சொந்த ஊரில் அரசு வேலைகள் பெரிதாகக் கிடைக்கவில்லை. கடைசிக் காலத்தில் பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு சமையலறையையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அந்தப் பாழாய்ப்போன சமையலறையைக் கட்டியே இருக்க மாட்டேன் என்கிற மாதிரி அலுத்துக்கொண்டார். 2000 ஜனவரியில், 103 வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது காலமானார்.

அந்தச் சமையலறைகளில் ஒன்று இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிராங்க்ஃபர்ட்டில் ரோமர்ஷ்டட் குடியிருப்பில் எர்ன்ஸ்ட் மே பெயரில் ஒரு வீட்டைப் பழையபடி மீட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் வேலையாகப் போகிற நண்பர்கள் யாராவது இருந்தால், உள்ளே ஒரு நிமிஷம் நின்று பாருங்க. ரெண்டு பேராக.