நாலு ஷரத்து

ஒரே ஒரு தாள். அதில் பேனாவால் அவசர அவசரமாக எழுதப்பட்ட நாலு ஷரத்து. கீழே கையெழுத்து. முத்திரைத்தாள் கிடையாது, ரிஜிஸ்தர் ஆபீஸ் கிடையாது. ஆனால் அந்தத் தாளை நம்பி, கனடாவின் மிகப் பழைய கட்சி ஒன்றில் ஒரு தலைவர் உருவானார். அதே தாளை நம்பிய தொண்டர்களுக்கு ஆறே மாதத்தில் கட்சியே இல்லாமல் போனது.

2003, மே 31. சனிக்கிழமை. டொரன்டோ மாநாட்டு அரங்கம். முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் தலைவர் தேர்தல்.

பெயரே ஒரு மாதிரி இருக்கிறதல்லவா? 'கன்சர்வேட்டிவ்' என்றால் பழமையை விடாதவர். அப்புறம் எங்கிருந்து வந்தது முற்போக்கு? 1942-ல் ஜான் பிராக்கன் என்பவரைத் தலைவராக அழைத்தபோது அவர் போட்ட நிபந்தனை அது. முற்போக்கு என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டால் வருகிறேன் என்றார். சேர்த்துக்கொண்டார்கள். கனடாவின் முதல் பிரதமர் ஜான் மெக்டொனால்டின் பரம்பரை என்று பெருமை பேசும் கட்சி இது. செல்லப்பெயர் டோரி.

கனடாவில் கட்சித் தலைவராவது லேசுப்பட்ட காரியம் இல்லை. உறுப்பினர் அட்டை விற்க வேண்டும். தொகுதி தொகுதியாகக் கூட்டம் போட்டு மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைப் பிடிக்க வேண்டும். மாநாட்டில் ஓட்டு. பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் மறுபடி ஓட்டு. கடைசியில் வந்தவர் வெளியே. மறுபடி ஓட்டு. ஒருவர் பாதியைத் தாண்டும் வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

போட்டியில் இருந்தவர்களில் இருவரை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் பீட்டர் மெக்கே. நோவா ஸ்கோஷியாக்காரர். வக்கீல். வயது 37. அப்பா எல்மர் மெக்கேயும் எம்.பி.யாக இருந்தவர்தான். 1983-ல் புதுத் தலைவர் பிரையன் மல்ரோனி நாடாளுமன்றத்துக்குள் நுழைவதற்காகத் தன் தொகுதியையே விட்டுக்கொடுத்தவர். மேலிடத்தின் வீட்டுப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொருவர் டேவிட் ஆர்ச்சர்ட். வயது 52. சஸ்காட்சுவான் மாகாணத்தில் போர்டன் என்கிற சின்ன ஊரின் விவசாயி. ரசாயனம் போடாமல் தானியம் விளைவிப்பவர். எம்.பி.யும் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை. கையில் இருந்தது ஒரே ஒரு கொள்கை. அமெரிக்காவுடன் செய்துகொண்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கனடாவை மெல்ல மெல்ல விழுங்கிவிடும்.

இங்கேதான் ஒரு முரண்பாடு. 1988-ல் அந்த ஒப்பந்தத்தை முன்வைத்துத் தேர்தலில் ஜெயித்ததே இந்த டோரி கட்சிதான். மல்ரோனிதான் கதாநாயகர். 1989 ஜனவரி 1-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அதை எதிர்ப்பவர் அதே கட்சிக்கு எப்படித் தலைவராவது?

ஆர்ச்சர்ட் சரித்திரத்தைப் புரட்டிக் காட்டினார். மெக்டொனால்ட் 1879-ல் கொண்டுவந்த தேசியக் கொள்கை என்ன? அமெரிக்கச் சரக்குக்கு வரி போட்டு உள்ளூர்த் தொழிலைக் காப்பது. 1911-ல் ராபர்ட் போர்டன் எதைச் சொல்லி ஜெயித்தார்? அமெரிக்காவுடன் வரிக்குறைப்பு ஒப்பந்தம் கூடாது என்று. ஆக, பாதை மாறியது நான் இல்லை, கட்சிதான் என்றார்.

கேட்க ஆள் இருந்தது. விவசாயிகள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், அதுவரை எந்தக் கட்சி அட்டையும் வாங்காதவர்கள். 1998 தலைவர் தேர்தலிலேயே இவர்களை வைத்துக்கொண்டு இறுதிச் சுற்று வரை போனார் ஆர்ச்சர்ட். முன்னாள் பிரதமர் ஜோ கிளார்க்குக்கு 77.5 சதவீதம். ஆர்ச்சர்டுக்கு 22.5. தோல்விதான். ஆனாலும் மேலிடம் முகம் சுளித்தது. இவர்கள் கட்சிக்காரர்களே இல்லை, சுற்றுலா வந்தவர்கள் என்கிற கேலி எழுந்தது.

சுற்றுலா வந்தவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை. ஐந்து வருடம் இருந்தார்கள். தேய்ந்துகொண்டிருந்த கட்சி அது என்பதையும் மறக்கக் கூடாது. 1988-ல் 169 இடம் பிடித்த கட்சி, 1993-ல் பிடித்தது இரண்டே இரண்டு. பிரதமர் கிம் கேம்ப்பெல்லே தன் தொகுதியில் தோற்றார். மேற்குக் கனடாவின் ஓட்டை ரிஃபார்ம் என்கிற புதுக்கட்சி அள்ளிக்கொண்டு போய்விட்டது. அதுவே 2000-ல் கனடியன் அலையன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்த வருடத் தேர்தலில் அலையன்ஸுக்கு 66, டோரிகளுக்கு 12. வலதுசாரி ஓட்டு இரண்டாகப் பிரிய, லிபரல் கட்சி 172 இடத்தோடு ஜாலியாக ஆட்சி நடத்தியது. 'பேசாமல் இரண்டையும் இணைத்துவிட்டால் என்ன?' என்ற பேச்சு எங்கும் இருந்தது.

ஆர்ச்சர்டின் ஆட்களுக்கு அந்தப் பேச்சே ஆகாது. அலையன்ஸோடு சேர்ந்தால் டோரி பாரம்பரியம் முடிந்தது, அமெரிக்க ஆதரவு முழுதாக ஜெயித்தது என்று பொருள். இதைத் தடுக்கத்தான் அவர்கள் டொரன்டோவுக்கு வந்தார்கள்.

மாநாட்டுக்கு வருவோம். நான் பி.காம். படித்தவன். கணக்கைப் பார்க்காமல் நகர முடியாது.

முதல் சுற்று: மெக்கே 1,080. ஆர்ச்சர்ட் 640. கால்கரி வக்கீல் ஜிம் பிரென்டிஸ் 478. ஸ்காட் பிரைசன் 431.

இரண்டாம் சுற்று: மெக்கே 1,018. ஆர்ச்சர்ட் 617. பிரென்டிஸ் 466. பிரைசன் 463. மூன்றே ஓட்டில் பிரைசன் அவுட். அவர் பிரென்டிஸ் பக்கம் போய் நின்றார்.

மூன்றாம் சுற்று: மெக்கே 1,128. பிரென்டிஸ் 761. ஆர்ச்சர்ட் 619.

ஆர்ச்சர்டின் வரிசையை மட்டும் மறுபடி படியுங்கள். 640, 617, 619. மற்றவர்களின் எண்கள் மேலும் கீழும் ஆடுகின்றன. இது அசையவே இல்லை. சொந்தச் செலவில் ஊரிலிருந்து கிளம்பி வந்து, சாயங்காலம் வரை ஒரே பெயருக்கு ஓட்டுப் போட்ட ஜனங்கள்.

ஆனால் கடைசி இடம். ஆர்ச்சர்ட் அவுட்.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. பதிவான ஓட்டு 2,508. ஜெயிக்க 1,255 வேண்டும். மெக்கேவுக்கு 127 குறைகிறது. அந்த 619 பேரும் பிரென்டிஸிடம் போனால் அவருக்கு 1,380. மெக்கே காலி. அதாவது, போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட விவசாயியின் கையில்தான் அடுத்த தலைவர் இருக்கிறார்.

ஒரு அறையில் பேச்சு நடந்தது. தாள் வந்தது. ஷரத்து ஒன்று: அலையன்ஸோடு இணைப்புக் கிடையாது, கூட்டு வேட்பாளர் கிடையாது, 301 தொகுதியிலும் தனித்துப் போட்டி. இரண்டு: அமெரிக்க வர்த்தக ஒப்பந்தங்களை மறு ஆய்வு செய்ய ஒரு கமிஷன். மூன்று: தலைமை அலுவலகத்தில் சுத்திகரிப்பு, தேசிய இயக்குநர் மாற்றம் உள்பட. நான்கு: சுற்றுச்சூழலுக்கு முதலிடம்.

ஆர்ச்சர்ட் மெக்கேவின் பக்கம் போனார். நாலாம் சுற்று: மெக்கே 1,538. பிரென்டிஸ் 836.

இதையும் பற்று வரவு பார்த்துவிடலாம். மெக்கேவுக்கு 410 கூடியது. பிரென்டிஸுக்கு 75. மொத்த ஓட்டில் 134 குறைந்தது. கூட்டினால் சரியாக 619. யார் எங்கே போனார்கள் என்று ஆள்வாரியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் எல்லோரும் தாளை நம்பிவிடவில்லை என்று ஊகிக்கலாம்.

நம்பாதவர்கள் புத்திசாலிகள்.

அக்டோபர் 16. மெக்கேவும் அலையன்ஸ் தலைவர் ஸ்டீபன் ஹார்ப்பரும் சேர்ந்து அறிவித்தார்கள். இரண்டு கட்சியும் இணைகின்றன. புதுப்பெயர், கனடா கன்சர்வேட்டிவ் கட்சி. 'முற்போக்கு' போயே போச்சு. கையெழுத்துப் போட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

மெக்கே தரப்பில் நியாயமே இல்லையா? இருந்தது. பிரிந்து நின்றால் லிபரல்தான் என்றைக்கும் ஜெயிக்கும். தவிர, முடிவைத் தானே திணிக்காமல் கட்சிக்காரர்களின் ஓட்டுக்கு விட்டார். டிசம்பர் 6-ல் டோரி பிரதிநிதிகள் வாக்களித்தபோது இணைப்புக்கு ஆதரவு 90.4 சதவீதம். முந்தைய நாள் முடிவு சொன்ன அலையன்ஸில் 95.9. இதை ஜனநாயகம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆர்ச்சர்டின் பக்கத்து உறுப்பினர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அத்தனை உறுப்பினரும் சம்மதிக்காமல் ஒரு கட்சியைக் கலைக்க முடியாது என்று வாதாடினார்கள். ஒன்டாரியோ நீதிமன்றம் ஏற்கவில்லை. டிசம்பர் 7-ல் புதுக்கட்சி பதிவானது. ஜோ கிளார்க் சேர மறுத்துவிட்டார். பிரைசன் மூன்றே நாளில் லிபரல் கட்சிக்குத் தாவினார். அடுத்த மார்ச்சில் புதுக்கட்சியின் தலைவரானவர் ஹார்ப்பர். மெக்கே துணைத் தலைவர். 2006 பிப்ரவரியில் ஹார்ப்பர் பிரதமர். அரசியல் கணக்கில் மெக்கே பாஸ்.

ஆனால் அந்த 619 பேரை நினைத்துப் பாருங்கள். கட்சி இணையக் கூடாது என்பதற்காகவே வந்தவர்கள். அவர்கள் தூக்கிவிட்ட கைதான் இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது. எதைத் தடுக்க வந்தார்களோ, அதற்கே ஏணியானார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆர்ச்சர்ட் லிபரல் கட்சிக்குப் போனார். 2006 டிசம்பர், மான்ட்ரியல். அங்கேயும் தலைவர் தேர்தல். அவர் ஆதரித்தது ஸ்டெஃபான் டியோன் என்கிற கியூபெக்கின் பேராசிரியரை. முதல் சுற்றில் டியோனுக்கு மூன்றாம் இடம், 856 ஓட்டு. நாலாவதாக வந்த ஜெரார்ட் கென்னடிக்கு 854. இரண்டே ஓட்டு! சஸ்காட்சுவானிலிருந்து ஆர்ச்சர்ட் திரட்டிய பிரதிநிதிகள் இல்லையென்றால் அந்த இரண்டு எங்கிருந்து வந்திருக்கும்? அப்புறம் கென்னடியே டியோன் பக்கம் வர, மூன்றாம் இடத்துக்காரர் தலைவரானார்.

2008-ல் வடக்கு சஸ்காட்சுவானில் ஒரு இடைத்தேர்தல். லிபரல் வேட்பாளராக நிற்க ஆர்ச்சர்ட் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். டியோன் என்ன செய்தார்? தொகுதி உறுப்பினர்களின் ஓட்டுக்கே விடாமல், ஜோன் பீட்டி என்பவரை நேரடியாக நியமித்துவிட்டார். அந்தத் தொகுதியில் லிபரல் தோற்றது. அதே வருடப் பொதுத்தேர்தலில் ஆர்ச்சர்டுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அவரும் தோற்றார்.

இரண்டு கட்சி, இரண்டு தலைவர். ஓட்டு எண்ணும் வரைதான் தொண்டனுக்கு மரியாதை.

இப்போது அந்த மாநாட்டு முறை மத்தியக் கட்சிகளில் போய்விட்டது. உறுப்பினர் வீட்டிலிருந்தே முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசை போட்டு வாக்களிக்கிறார். அந்த 619 பேரை ஒரு அறையில் வைத்து யாரும் பேரம் பேச முடியாது. அவரவர் இரண்டாவது ஓட்டு அவரவர் கையில்.

2020-ல் கன்சர்வேட்டிவ் தலைவர் தேர்தல் இப்படித்தான் நடந்தது. முதல் எண்ணிக்கையில் முன்னணியில் இருந்தவர் யார் தெரியுமா? பீட்டர் மெக்கே. 33.5 சதவீதம். மற்ற வேட்பாளர்கள் விழ விழ, அவர்களுடைய ஆதரவாளர்களின் அடுத்த விருப்பம் எரின் ஓடூலுக்குப் போனது. மூன்றாம் எண்ணிக்கையில் ஓடூல் 57 சதவீதத்தோடு ஜெயித்தார். மெக்கே அவுட். இந்த முறை கையெழுத்துப் போட்டு வாங்க இரண்டாவது ஓட்டு யாரிடமும் மொத்தமாக இல்லை.

தொண்டன் ஜெயித்துவிட்டானா என்றால், அதுவும் இல்லை. ஓடூல் அந்தத் தேர்தலின்போது கார்பன் வரியை ஒழிப்பேன் என்று எழுத்தில் உறுதி கொடுத்திருந்தார். 2021 ஏப்ரலில் அவரே ஒரு கார்பன் கட்டணத் திட்டத்தை வெளியிட்டார். 2022 பிப்ரவரியில் அவருடைய எம்.பி.க்களே 73-க்கு 45 என்று ஓட்டுப் போட்டு அவரைத் தூக்கினார்கள். அங்கேயும் முடிவு செய்தது எம்.பி.க்கள். அட்டை வாங்கியவன் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொண்டனுக்கு முழுதாகக் கிடைத்துவிட்டது. தேர்ந்தெடுத்த பிறகு, சொன்ன சொல்லில் அவரை நிறுத்தி வைக்கும் உரிமை? அந்த ஐந்தாவது ஷரத்து இன்னும் எழுதப்படவில்லை.