கிறித்தவர் தம் மறைநூலைத் தெய்வவாக்கெனக் கொள்ளுமாறு

ஒரு சமயத்தார் தம் முதனூலை இறைவன் வாக்கெனக் கொள்ளுங்கால் இரண்டு வினாக்கள் எழுதல் இயல்பு. இறைவன் வாக்கு மனிதர் எழுதிய ஏட்டின்கண் வந்தமைந்தவாறு யாங்ஙனம் என்பது ஒன்று; அஃது இறைவன் வாக்கே என்பதற்குச் சான்று யாது என்பது மற்றொன்று. கிறித்தவ சமயத்தார் இவற்றிற்குக் கூறிய விடைகள் ஒரு நாளில் ஒருவரால் வகுக்கப்பட்டன அல்ல. தடை எழுந்துழியெல்லாம் விடையும் திருந்தி வந்தது. அவ்வரலாறு ஈண்டுச் சுருக்கி உரைக்கப்படும்.

இயேசு தாமாக நூலொன்றும் இயற்றினாரல்லர். அவரும் அவர்தம் மாணாக்கரும் மறையெனக் கொண்டது யூதர் போற்றிய எபிரேய நூல்களையே. தீர்க்கதரிசியர் தம் நாவில் இறைவன் சொல் வைக்கப்பட்டதெனக் கூறும் மரபு அந்நூல்களிலேயே உண்டு. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம் அம்மறையைத் ‘தெயோப்நெயுஸ்தோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லாற் சுட்டும். இறைவன் மூச்சால் ஆயது என்பது அதன் பொருள். பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபமோ, தீர்க்கதரிசியர் தம் விருப்பாற் பேசாது பரிசுத்த ஆவியால் உந்தப்பட்டே பேசினர் என்னும். பவுலின் நிருபங்களை ஏனை மறைகளோடு ஒருங்கு எண்ணுவதும் இந்நிருபமே. கிறித்தவர் கொள்கைக்கு வித்து இவ்விடங்களாம்.

இனி, ஆவி உந்திற்றெனின், எழுதியவர் நிலை யாது? ஏறக்குறைய கி.பி. 177-இல் அதெனகோரஸ் என்பார், குழலூதுவான் குழலை ஊதுமாறு போல ஆவியானவர் தீர்க்கதரிசியரை இயக்கினர் என்றார். உவமை இனிது, எனினும் முழுதும் ஒவ்வாது. என்னை? லூக்கா தம் சுவிசேட முகப்பில், நிகழ்ந்தவற்றை முதலிலிருந்து ஆராய்ந்து எழுதுவதாகக் கூறுகின்றார். குழலுக்கு ஆராய்ச்சி இன்று. நடையும் நூல்தோறும் வேறுபடுகின்றது. ஆதலின் 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், பரிசுத்த ஆவி முதன்மைக் கருத்தா, மனிதன் கருவிக் கருத்தா எனப் பகுத்தார். கருவி தன் இயல்பு கெடாதே கருத்தாவின் செயலுக்குத் துணையாதலின், நடைவேற்றுமை தெய்வவாக்காதற்குத் தடையன்று என்பது அவர் வழி வந்தோர் துணிபு.

சான்று பற்றிய வினா நூற்றொகை பற்றி எழுந்தது. ஏறக்குறைய 144-இல் உரோமையில் மார்சியோன் என்பான் எபிரேய மறை முழுதையும் விலக்கி, லூக்காவின் சுவிசேடத்தைத் திருத்தி, பவுலின் நிருபங்கள் பத்தினை மட்டுமே தழுவினான். சபையார் அவனை மறுத்தனர். மறுத்தபின், எவை மறை எவை அல்ல என வரையறுத்தல் இன்றியமையாதாயிற்று. இன்று வழங்கும் புதிய ஏற்பாட்டு நூல்கள் 27-ஐயும் கூட்டாது குறையாது எண்ணிய பழம்பட்டியல் அதனாசியுஸ் 367-இல் எழுதிய விழாமடலிற் காணப்படும். சபையின் அதிகாரம் தூண்டியிராவிடின் தாம் சுவிசேடத்தை நம்பியிருத்தல் இயலாதென்னும் கருத்தை அகுஸ்தீனும் வெளியிட்டார்.

16-ஆம் நூற்றாண்டில் லூதர் முதலியோர் சபையின் அதிகாரத்தையே மறைநூல் கொண்டு சோதித்தனர். சபை நூலுக்குச் சான்றாயின், நூல் சபைக்கு நடுவாதல் யாங்ஙனம் என்பது தடை. 1546-இல் திரெந்து சங்கம் எழுதிய மறையையும் எழுதாமரபையும் ஒத்த மதிப்புடன் ஏற்பதாக விதித்தது. ஜெனீவா நகரின் கால்வின், மறையைப் பேசிய ஆவியே படிப்போன் உள்ளத்தும் சான்று பகரும் என விடுத்தார். ஆயின் நூல் ஒன்றே போதுமெனின், அதன் எழுத்து ஐயமற்றதாதல் வேண்டும். ஈண்டே பெரிய இடர்ப்பாடு தோன்றியது.

எபிரேய நெடுங்கணக்கு மெய்யெழுத்துக்களால் ஆயது. உயிரொலிகளுட் சிலவற்றை அவ்வெழுத்துக்களுட் சில ஓராற்றாற் குறிப்பினும், முழுதும் காட்டுவன மேலும் கீழும் இடப்படும் புள்ளிகளும் கோடுகளுமே. அப்புள்ளிகள் மோசே முதலியோர் காலத்தன அல்ல, யூதரின் தல்மூது நூல் முற்றிய பின்னர் மசொரேத்தியர் என்னும் எழுத்தறிஞர் இட்டன என்று, 1538-இல் எலியா லெவிதா என்னும் யூத இலக்கணி நிறுவினார். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் பயின்ற தமிழர்க்கு இதன் அருமை எளிதிற் புலனாம். ஆதியாகமத்தில் யாக்கோபு இறுதிக்காலத்து வணங்கிய இடத்தில் வரும் சொல், ஒருவாறு புள்ளியிடின் ‘மித்தா’ எனக் கட்டிலாம். வேறொருவாறு இடின் ‘மத்தே’ எனக் கோலாம். எபிரேயச் சுவடிகளின் புள்ளி கட்டில் என்னும். கிரேக்க மொழிபெயர்ப்பும், அதனைத் தழுவிய புதிய ஏற்பாட்டின் எபிரேயர் நிருபமும் கோல் என்னும்.

பாசல் நகரின் பூக்ஸ்தோர்ப் என்னும் பேரறிஞர் 1620-இல் புள்ளிகளின் பழமையை நாட்ட முயன்றார். 1624-இல் லூயி கப்பெல், தாமும் சீர்திருத்த சபையினரேயாயினும், லெவிதாவின் கொள்கையை வலியுறுத்தினார். கத்தோலிக்க அறிஞர் மொரீனஸோ, மக்கள் சபையின் தீர்ப்புக்கு அடங்கும்பொருட்டே இறைவன் மறையைப் புள்ளியின்றித் தந்தனன் என்று அதனைத் தம் பக்கம் வளைத்துக்கொண்டார். அஞ்சிய சுவிட்சர்லாந்து சபையார் 1675-இல் வகுத்த உடன்படிக்கையில், மெய்யெழுத்துக்களே அன்றிப் புள்ளிகளும், அன்றேல் அவற்றின் ஒலியாற்றலேனும், தெய்வ ஏவுதலால் ஆயின என விதித்தனர். அவ்விதி நெடுநாள் நின்றிலது. அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கைநெகிழ்ந்தது. 1947 முதலாகச் சாக்கடலை அடுத்த குகைகளிற் கிடைத்த பழஞ்சுவடிகள் புள்ளியின்றியே உள்ளன.

புள்ளி பற்றிய கொள்கை வீழ்ந்தும் நம்பிக்கை வீழ்ந்திலது. பின்வந்தோர் ஏவுதலின் எல்லையை மீண்டும் ஆராய்ந்தனர். போப்பு பன்னிரண்டாம் பத்திநாதர் 1943-இல், நூலாசிரியர் காலத்து இலக்கிய வகைகளை அறிந்தே பொருள்கோடல் வேண்டுமென அறிவுறுத்தினார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறைவன் கருத்தாவாயினும் மனிதரும் மெய்யாகவே ஆசிரியர் என்றது. 1978-இல் சிக்காகோவிற் கூடிய சீர்திருத்த வழியினரோ, பிழையின்மை முதற்கண் எழுதிய மூலப்படிக்கே நேரே உரித்தென்றனர்; அப்படிகளுள் ஒன்றும் இன்று இல்லை. ஆயினும் கிடைத்த படிகளைக் கொண்டு மூலத்தை மிக நெருங்கி அறியலாம் என்பது அவர் கொள்கை.

தொகுத்து நோக்குமிடத்துக் கிறித்தவரின் துணிபு மூன்று சான்றுகளை உடைத்து: நூலின் தன்மொழி, அதனை ஏற்றுக் காத்த சபையின் மரபு, படிப்போன் உள்ளத்து உண்டாம் உணர்வு. தன்மொழி மட்டும் சான்றாயின், நிறுவவேண்டியதனையே ஏதுவாகக் கொண்டதாம். சபை மட்டும் சான்றாயின், தெய்வவாக்கு மனிதர் தீர்ப்பைச் சார்ந்ததாம். உள்ளுணர்வு மட்டும் சான்றாயின், பிற சமயத்தாரும் தத்தம் நூல்மேல் அவ்வாறே கூறுதல் கூடும். ஆகலின் அவருட் சபைதோறும் ஒன்று முதன்மை பெறினும், ஏனையவற்றை முற்றும் விட்டார் அரியர். புள்ளியின்றி எழுதிய மறை பல நூற்றாண்டு பிழைத்தது, அதனை வாய்விட்டோதிய ஆசிரியரும் செவியிற் கொண்ட மாணாக்கரும் இருந்தமையான் அன்றோ? ஏட்டினைக் காப்பதோடு ஓதும் முறையையும் காத்தல் மறையுடையார் எவர்க்கும் கடன் என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும்.