சிதம்பரத்தை மாலையில் சுற்றிப் பார்க்க தனி வண்டி பிடிக்கிறீர்களா? வண்டி எண் பலகை முதல் அர்த்தஜாம பூஜை வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

வெளியூரில் இருந்து சிதம்பரம் வருபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. காலையில் நிதானமாகக் கிளம்பி, வழியில் டிபன் சாப்பிட்டு, மதியம் 12.30 மணிக்கு கீழ வீதியில் வந்து இறங்குவார்கள். அதற்குள் உச்சிக்கால பூஜை முடிந்து நடராஜர் சன்னதி நடை சாத்தியிருக்கும். மறுபடி திறக்க மாலை ஆகிவிடும். பசி ஒரு பக்கம், கல் தரையில் செருப்பில்லாத கால் சுடுவது இன்னொரு பக்கம். பாதிப் பேர் கோபுரத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு கும்பகோணம் பக்கம் போய்விடுவார்கள்.

புவனகிரி, சேத்தியாத்தோப்பு பக்கம் வீடு இருக்கிறவர்களைக் கேட்டால், "சாயந்திரமா போங்க"ன்னுதான் சொல்வார்கள். அது சரியான யோசனை. ஆனால் மாலை நேரம் என்பது 5 மணியில் இருந்து 10 மணி வரைதான். அதற்குள் எதைப் பார்ப்பது, யாருடைய வண்டியில் போவது, வழியில் சொல்லப்படும் கதைகளில் எதை நம்புவது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் வண்டி எண் பலகையைப் பாருங்க

புவனகிரியில் இருந்து சிதம்பரம் சுமார் 8 கி.மீ. பேருந்துக்குப் பஞ்சமில்லை. கோயில் மட்டும் போதும் என்றால் பேருந்தே நல்லது, நான் அப்படித்தான் போவேன். வயதானவர்கள், குழந்தைகள் இருந்தாலோ, பிச்சாவரத்தையும் சேர்த்துப் பார்க்க நினைத்தாலோ, இரவு பூஜை முடிந்து திரும்ப வேண்டும் என்றாலோ தனி வண்டி தேவைப்படும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "தெரிஞ்ச பையன் கார் வெச்சிருக்கான், டீசல் போட்டு கொஞ்சம் கையில குடுத்தா போதும்" என்று வெள்ளை போர்டு வண்டியை அமர்த்துவது நம்ம ஊரில் சர்வ சாதாரணம். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால்தான் வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்ற வண்டி. மின்சார வாடகைக் கார் என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. நீங்களே ஓட்டிக்கொள்ள வாடகைக்குத் தரும் கார் என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து.

போலீஸ் பிடித்தால் அபராதம் ஓட்டுநருக்குத்தானே, நமக்கென்ன என்று நினைக்கலாம். சிக்கல் அபராதத்தில் இல்லை, இன்சூரன்ஸில் இருக்கிறது. சொந்த உபயோகக் காருக்கு எடுக்கும் பாலிசியில், கூலிக்கோ வாடகைக்கோ வண்டியைப் பயன்படுத்தினால் பொருந்தாது என்ற நிபந்தனை இருக்கும். விபத்து நடந்து, உள்ளே இருந்தவர்கள் பணம் கொடுத்துப் பயணித்தவர்கள் என்று தெரிந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் அந்த நிபந்தனையைக் காட்டி இழப்பீட்டை எதிர்க்கும். வழக்கு இழுத்துக்கொண்டே போகும். கையில் காயத்தோடு படுத்திருக்கும்போது "நாங்க சொந்தக்காரங்க, காசு குடுக்கல"ன்னு பொய் சொல்ல வேண்டிய நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் அது எந்த வகை வண்டி, இன்சூரன்ஸ் எதுவரை, தகுதிச் சான்று எதுவரை என்பது வந்துவிடும். வண்டி வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

வாடகை பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீங்க. கிலோமீட்டர் கணக்கா, மணிக்கணக்கா? கிலோமீட்டர் என்றால் உங்கள் வீட்டில் இருந்தா, ஷெட்டில் இருந்து ஷெட் வரையா? டிரைவர் பேட்டா, பார்க்கிங், காத்திருப்புக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கமா? சின்னச் சுற்றுதான், தூரம் குறைவு. ஆனால் வண்டி நிற்கும் நேரம் அதிகம். அதனால் கிலோமீட்டர் கணக்கில் மலிவாகத் தெரிவது, காத்திருப்புக் கட்டணம் சேர்ந்ததும் ஏறிவிடும். இந்தப் பயணத்துக்கு மணிக்கணக்கில் பேசுவதுதான் ஒத்துவரும். பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகப் போட்டு, அவரிடம் "சரி" என்று வாங்கிவிட்டால் இரவில் வாக்குவாதம் இருக்காது.

பிச்சாவரமா, கோபுரச் சிற்பமா?

இரண்டையும் ஒரே மாலையில் பார்க்கலாம், ஆனால் பிச்சாவரம் முதலில் வர வேண்டும். சிதம்பரத்தில் இருந்து கிள்ளை வழியாக சுமார் 15 கி.மீ. மாலை ஐந்து மணிக்கு மேல் அலையாத்திக் காட்டுக்குள் படகு போகாது, டிக்கெட் கவுன்ட்டர் அதற்கு முன்பே மூடிவிடும். சூரியன் மறைவதைப் படகில் இருந்து பார்க்கலாம் என்று 4.30-க்கு மேல் போய் நின்றால் ஏமாற்றம்தான். புவனகிரியில் மதியம் 2 மணிக்குக் கிளம்பி, 3 மணிக்குள் படகில் ஏறுவது போல் திட்டமிடுங்க. மோட்டார் படகு வேகமாகப் போய்த் திரும்பும். குறுகலான வாய்க்கால்களுக்குள், வேர்கள் தலைக்கு மேல் பின்னிக் கிடக்கும் இடத்துக்குத் துடுப்புப் படகுதான் போகும். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படமாக்கப்பட்டது இங்கேதான். பிறகு 'தசாவதாரம்' குழுவும் வந்தது.

படகில் போகும்போது தில்லை மரம் எது என்று படகோட்டியைக் கேளுங்கள். சிதம்பரத்தின் பழைய பெயரே தில்லை. கோயிலின் தல விருட்சமும் அதுதான். ஆனால் இன்று ஊருக்குள் தில்லை மரக் காட்டைத் தேடினால் கிடைக்காது, பிச்சாவரம் பக்கம்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் கோயில் இருந்த இடமே எப்படிப்பட்ட காடாக இருந்திருக்கும் என்பதை இந்தப் படகுச் சவாரியில்தான் ஊகிக்க முடிகிறது. கையை மட்டும் நீட்டாதீங்க. அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சல், தற்காலிகப் பார்வையிழப்பு வரை போகலாம்.

2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் பாதிப்பு குறைவாக இருந்தது பின்னர் ஆய்வுகளில் பதிவானது. 

பிச்சாவரத்தை விட்டுவிடுகிறோம் என்பவர்கள் 4.30-க்கே கோயிலுக்கு வந்துவிடலாம். காரணம், வெளிச்சம். நான்கு கோபுரங்களின் நுழைவாயில் சுவர்களிலும் பரத சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள் சிற்பமாக இருக்கின்றன. கிழக்கு, மேற்கு கோபுரங்களில் ஒவ்வொரு கரணத்துக்கும் உரிய சுலோகமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிலைகள் சிறியவை, வாசலுக்குள் வெளிச்சம் குறைவு. ஆறு மணிக்கு மேல் போனால் நிழல்தான் தெரியும். வேகமாக நடந்து உள்ளே போகும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இவற்றை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். பரதக் கலைஞர் பத்மா சுப்ரமணியத்தின் முனைவர் பட்ட ஆய்வே இந்தக் கரணங்களைப் பற்றியதுதான். பரதம் கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களை முன்னால் விட்டு விளக்கச் சொல்லுங்க.

வடக்குக் கோபுரத்தில் கிருஷ்ணதேவராயரின் சிலை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு சிவகங்கை குளத்துப் படிக்கு வந்தால், மாலை வெளிச்சத்தில் கோபுரத்தின் பிம்பம் தண்ணீரில் விழும். குளத்துக்குக் கிழக்கே ஆயிரங்கால் மண்டபம். சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றிய இடம் என்று சொல்லப்படுவது இதுதான்.

உள்ளே என்ன பார்க்கலாம்?

ஒரு நாளைக்கு ஆறு கால பூஜை. மாலையில் போகிறவர்களுக்கு சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தஜாமம் என மூன்று கிடைக்கும். ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் ஆறு காலத்திலும் உண்டு. ஆனால் மாணிக்கத்தால் ஆன ரத்தினசபாபதிக்கு அபிஷேகம் காலை நேரத்தில் மட்டும்தான். அதைப் பார்க்க வேண்டும் என்றால் மாலைத் திட்டம் உதவாது, இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

நடராஜர் தெற்கு நோக்கி ஆடுகிறார். பக்கத்திலேயே கோவிந்தராஜப் பெருமாள் கிழக்கு நோக்கிப் பள்ளி கொண்டிருக்கிறார். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சித்திரகூடம் இதுதான். ஒரே இடத்தில் நின்று தலையை மட்டும் திருப்பினால் இருவரையும் பார்க்கலாம். பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன் ஓடுகள் என்பது மரபு. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு நாளைக்கு எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும்.

சிதம்பர ரகசியம் என்பது திரைக்குப் பின்னால் தொங்கும் பொன் வில்வ மாலைதான். அங்கே உருவம் கிடையாது, வெளிதான். இதைத் தனியாகக் காட்டுகிறேன் என்று வெளியே யாராவது பணம் பேசினால் ஏற வேண்டாம். உள்ளே அர்ச்சனையோ அபிஷேகமோ செய்ய விரும்பினால் தீட்சிதர்களிடம் தொகையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கனகசபை மேல் ஏறி வழிபட 2022 மே மாதம் தமிழ்நாடு அரசு அரசாணை வெளியிட்டது. திருவிழா நாட்களில் ஏற விடுவதா என்பதில் அதன் பிறகும் சர்ச்சை வந்தது நினைவிருக்கலாம். ஆண்கள் மேலே ஏற சட்டையைக் கழற்ற வேண்டும். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதியில்லை, போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

வண்டியில் கேட்கும் கதைகள்: எது உண்மை?

டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாதம் ஒருமுறையாவது வந்து சேரும் பார்வர்டு இது: "நடராஜரின் கால் பெருவிரலில்தான் பூமியின் காந்தப் புள்ளி இருக்கிறது, வெளிநாட்டு விஞ்ஞானிகள் 8 ஆண்டுகள் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள்." வழிகாட்டிகளும், சில நேரம் ஓட்டுநர்களும் இதைச் சொல்வார்கள். இது உண்மையல்ல. பூமியின் காந்தப் புலத்துக்கு அப்படி ஒரு மையப்புள்ளி தரைமேல் கிடையாது. காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு, அது இந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. 1963-ல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கு அதுதான் காரணம். சிதம்பரம் அதற்கு வெகுதூரம் வடக்கே இருக்கிறது.

அதே பார்வர்டில் வரும் இன்னொரு தகவல், சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளஹஸ்தி மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன என்பது. இது ஏறக்குறைய சரி. மூன்றுமே கிழக்குத் தீர்க்கரேகை 79.7 டிகிரியை ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் ஒரே கோட்டில் என்று சிலர் நீட்டுவது தவறு. திருவண்ணாமலையும் திருவானைக்காவும் மேற்கே தள்ளி இருக்கின்றன.

"சுவிட்சர்லாந்து ஆய்வுக்கூடத்தில் நடராஜர் சிலை இருக்காமே?" ஆமாம், உண்மை. ஜெனீவா அருகே உள்ள செர்ன் நிறுவனத்துக்கு 2004-ல் இந்தியா பரிசளித்தது, 2 மீட்டர் உயரம். 2023-ல் டெல்லி ஜி20 மாநாட்டு அரங்கின் முன் வைக்கப்பட்ட 27 அடி நடராஜர் சுவாமிமலைச் சிற்பிகள் செய்தது.

தில்லைக் காளி, கொத்சு, திரும்பும் வழி

சாயரட்சை முடிந்ததும் பலர் நேராக ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள். அதற்கு முன் ஊரின் வடக்கு எல்லையில் இருக்கும் தில்லைக் காளியம்மன் கோயிலுக்குப் போய்விடுங்கள், 8 மணிக்குள் போவது நல்லது. நடனப் போட்டியில் தோற்ற காளி ஊர் எல்லைக்கு வந்து அமர்ந்தாள் என்பது தலபுராணம். கோயிலைக் கட்டியவன் 13-ஆம் நூற்றாண்டின் காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன். நடராஜர் கோயிலின் ஆரவாரத்துக்குப் பிறகு அந்த இடத்தின் எண்ணெய் வாசமும் இருட்டும் வேறு மாதிரி இருக்கும்.

சாப்பாடு என்றால் சிதம்பரம் கொத்சு. கத்தரிக்காயை வதக்கி, புளி விட்டு, மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டுச் செய்வது. கோயில் நைவேத்தியத்தில் சம்பா சாதத்தோடு சேர்ந்து வருவது. இரவில் இட்லிக்கும் நல்ல ஜோடி. எல்லாக் கடையிலும் தினமும் இருக்காது, உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்க. அப்படியே ஓட்டுநரையும் சாப்பிடக் கூப்பிடுங்க. மதியம் 2 மணியில் இருந்து அவர் ஸ்டியரிங்கில் இருக்கிறார், இரவு உங்களை வீடு சேர்க்கப் போவதும் அவர்தான்.

பிறகு அர்த்தஜாமம். எல்லா சிவாலயங்களின் சக்தியும் இரவில் தில்லையில் வந்து ஒடுங்குகிறது என்பது நம்பிக்கை. கூட்டம் கலைந்து, உள்ளூர்க்காரர்கள் மட்டும் நிற்கும் நேரம். மணிகள் ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. சின்னக் குழந்தைகள் பயந்துவிடலாம், தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். பூஜை முடிய 10 மணியைத் தாண்டும், அதையும் சேர்த்தே வண்டியைப் பேச வேண்டும்.

ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனத் தேர் நாட்களில் இந்தத் திட்டம் எதுவும் செல்லாது. மூலவரே தேரில் வீதிக்கு வரும் நாட்கள் அவை. நான்கு வீதியிலும் வண்டி நுழையாது, தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அதேபோல் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெள்ளாறும் கொள்ளிடமும் நிரம்பினால் பிச்சாவரம் படகுகளை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் அன்று காலையில் படகுத்துறைக்கு ஒரு போன் போட்டுவிட்டு வண்டிக்கு முன்பணம் கொடுங்கள்.