'மட்டும்' என்ற ஒரு சொல்லும் 482 வருஷச் சண்டையும்

"ஆர்.சி.காரங்க நேர்ச்சை, காணிக்கை கொடுத்தே மோட்சத்துக்குப் போயிடலாம்னு நினைக்கிறாங்க." இது லுத்தரன் வீடுகளில் கேட்டது. "அவங்களுக்கு என்ன, விசுவாசிச்சா போதும், எப்படி வேணா வாழலாம்." இது ஆர்.சி. வீடுகளில் கேட்டது. வெளியூர்களில் இரண்டு சபைக்கும் இடையே கல்யாண சம்பந்தம் சகஜமாகிவிட்ட பிறகும் இந்தப் பேச்சு போகவில்லை. இரண்டுமே தப்பு. ஏன் என்று தெரிய ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

1517. டெட்சல் என்ற துறவி பாவமன்னிப்புச் சீட்டு விற்றுக்கொண்டு வந்தார். சபைப் போதனைப்படி அது பாவத்துக்கான தண்டனையைக் குறைப்பதுதான், பாவத்தையே மன்னிப்பது அல்ல. ஆனால் சந்தையில் அந்த நுணுக்கத்தை யார் பார்த்தார்கள்? ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் பணம் என்றார்கள். பாதிதான் அங்கே போனது. மறு பாதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தன் பதவிக்காக ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பத்திடம் வாங்கிய கடனுக்குப் போனது. அக்டோபர் 31 அன்று மார்ட்டின் லூத்தர் தன் 95 வாதங்களை அதே பேராயருக்கு அனுப்பினார்.

1522-ல் லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வந்தது. ரோமர் 3:28-ல், நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்கிறார் பவுல். லூத்தர் அங்கே 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அது கிடையாது. கேள்வி கேட்டவர்களுக்கு 1530-ல் பதில் எழுதினார்: ஜெர்மன் மொழிநடை அதைக் கேட்கிறது, பவுலின் கருத்தும் அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், 'விசுவாசம் மட்டும்' என்ற சொற்சேர்க்கை புதிய ஏற்பாட்டில் ஒரே இடத்தில்தான் வருகிறது. யாக்கோபு 2:24. அங்கே அது மறுக்கப்படுகிறது! லூத்தருக்கு அந்த நிருபம் பிடிக்காது. 'வைக்கோல் நிருபம்' என்று முன்னுரையில் எழுதினார். ஆனால் அதே வருஷம் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், உண்மையான விசுவாசத்தால் சும்மா இருக்க முடியாது, யாரும் கேட்பதற்கு முன்பே நன்மை செய்துவிடும் என்கிறார். நற்கிரியையை அவர் எதிர்க்கவில்லை. அதை மோட்சத்துக்கு விலையாக ஆக்குவதைத்தான் எதிர்த்தார்.

எதிர்த்தரப்பு என்ன சொன்னது? 1547 ஜனவரி 13 அன்று ட்ரென்ட் பொதுச்சங்கம் 33 கண்டனங்களை வெளியிட்டது. ஒன்பதாவது, 'விசுவாசம் மட்டும்' என்பவர்களுக்கு எதிரானது. எல்லோரும் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் முதலாவது கண்டனம் யாருக்கு? இறையருள் இல்லாமல் சொந்தக் கிரியையால் மனிதன் நீதிமானாகலாம் என்பவர்களுக்கு! ஆக, காசு கொடுத்து மோட்சம் என்பது கத்தோலிக்கப் போதனையே அல்ல.

இந்தச் சண்டை கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது, தமிழ்க் கடற்கரையில் கத்தோலிக்கர்கள் ஏற்கெனவே நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக இருந்தார்கள். ஒரு தரப்பில் 'மீட்பு', இன்னொரு தரப்பில் 'இரட்சிப்பு' என்று சொல்லிலும் பழக்கம் பிரிந்தது.

1999 அக்டோபர் 31. ஆக்ஸ்பர்க் புனித அன்னாள் ஆலயம். 1518-ல் விசாரணைக்கு வந்த லூத்தர் தங்கிய மடம் இதுதான். ஃபுக்கர் குடும்பக் கல்லறையும் இங்கேதான். அங்கே வத்திக்கானும் லுத்தரன் உலக சம்மேளனமும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. சாராம்சம்: நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார், அந்த அருளே நம்மை நற்செயலுக்கு அனுப்புகிறது. ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட இறையியல் பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் 2006-ல் மெதடிஸ்டுகள், 2017-ல் சீர்திருத்த சபைகள் அதில் சேர்ந்தன.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. போப்பாண்டவரின் அதிகாரம் பற்றிய வழக்கு அப்படியே இருக்கிறது. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து நற்கருணை வாங்க இன்னமும் பொதுவான அனுமதி இல்லை. அது பெரிய வருத்தம்தான். ஆனால் மேலே சொன்ன அந்த இரண்டு பேச்சையும் இனி பிள்ளைகள் காதில் போடாமல் இருக்கலாம். அதற்கு எந்த சபையின் அனுமதியும் தேவையில்லை.