வெப்பத்திற்குப் பெயர் கண்ட கதை

தில்லியிலும் லக்னோவிலும் வாழும் நம்மவர்க்கு மார்கழி, தை மாதங்களின் விடியற்காலை நன்கு தெரியும். இரவெல்லாம் சமையலறையில் கிடந்த எவர்சில்வர் டம்ளரைக் கையில் எடுத்தால் விரல்கள் விறைத்துப் போகின்றன. அதனருகிலேயே கிடந்த மரப்பலகையைத் தொட்டால் அவ்வளவு குளிர்ச்சி தோன்றுவதில்லை. பலகையைக் காட்டிலும் டம்ளரே குளிர்ந்தது என்று கை சாட்சி சொல்கிறது. ஆனால் வெப்பமானியோ இரண்டிற்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். கை பொய் சொல்லவில்லை. நாம் கேளாத கேள்விக்கு அது விடை சொல்லிற்று. கையிலிருக்கும் வெப்பத்தை உலோகம் விரைந்து கவர்ந்து செல்கிறது. மரம் மெல்லக் கவர்கிறது. எவ்வளவு விரைவில் வெப்பம் நம்மை விட்டுப் போகிறது என்பதையே விரல் உணர்கிறது. பொருளின் வெப்பநிலை வேறு. அதிலிருந்து வருவதும் அதனுள் போவதுமாகிய வெப்பம் வேறு.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இந்த வேற்றுமை ஒரு சமயம் நல்ல பாடம் கற்பித்தது. கொதிகலன் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகையில், மூலத்தில் வெவ்வேறாக நின்ற இரண்டு சொற்களுக்கும் ‘வெப்பம்’ என்றே எழுதிவிட்டோம். அதனைச் சரிபார்த்த பொறியாளர் ஓரத்தில் சிவப்பு மையினால் ஒரே கேள்வி எழுதி அனுப்பினார்: “இது அளவா, நிலையா?” நாம் நாணித் திருத்தினோம். ஆனால் அதே கேள்விக்கு விடை காண ஐரோப்பிய அறிஞர்களுக்கு நூறாண்டு பிடித்தது என்பதைப் பின்னர்ப் படித்து அறிந்தபோது, நமது நாணம் சற்றே தணிந்தது. அந்த நூறாண்டின் கதையையே இங்குச் சொல்லப் புகுகிறோம்.

கதையின் தொடக்கம் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த ஜோசப் பிளாக் என்பார், 1761-ஆம் ஆண்டை ஒட்டி ஓர் எளிய சோதனையைச் செய்தார். ஒத்த கண்ணாடிக் குடுவைகள் இரண்டில், ஒன்றில் பனிக்கட்டியையும் மற்றொன்றில் அதே எடையுள்ள குளிர்ந்த தண்ணீரையும் இட்டு ஒரே கூடத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் அரைமணி நேரத்தில் பாரன்ஹீட் அளவையில் 33-லிருந்து 40 டிகிரிக்கு ஏறியது. பனிக்கட்டி உருகி அதே 40 டிகிரியை அடையப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கூடத்தின் காற்றிலிருந்து வெப்பம் பனிக்கட்டிக்குள் சென்றுகொண்டே இருந்தது. ஆயினும் அது உருகி முடியும்வரை வெப்பமானி ஏறவில்லை. அப்படியானால் உட்சென்ற வெப்பம் எங்கே? அது உறைந்ததை உருக்குவதிலேயே செலவாகி மறைந்து நின்றது என்று பிளாக் கண்டார். அதற்கு ‘மறைவெப்பம்’ என்னும் பெயர் நிலைத்தது. வெப்பத்தின் அளவும் வெப்பத்தின் நிலையும் ஒன்றல்ல என்பது அன்று முதன்முதலாகத் தெளிவாயிற்று.

அளவு உண்டு என்றவுடனே, அளக்கப்படுவது ஒரு பொருளாகத்தானே இருக்கவேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. எடையில்லாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மமே வெப்பம் என்று பலரும் கருதினர். பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் லவாசியே 1789-இல் வெளியிட்ட வேதியியல் நூலில், தனிமங்களின் பட்டியலில் பிராணவாயுவோடு ‘கலோரிக்’ என்ற பெயரால் வெப்பத்தையும் சேர்த்தார். இக்கொள்கையை நாம் எள்ளி நகையாடலாகாது. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் ‘பாய்கிறது’ என்று இன்றும் சொல்கிறோம்; அந்த வினைச்சொல் அன்றைய கொள்கை விட்டுச்சென்ற சொத்து.

இக்கொள்கையை முதலில் அசைத்தது ஒரு பீரங்கித் தொழிற்சாலை. அமெரிக்காவில் பிறந்து, பவேரிய அரசின் பணியில் அமர்ந்து, ரம்போர்டு பிரபு என்று பட்டம் பெற்றவர் பெஞ்சமின் தாம்ப்சன். மியூனிக் நகரப் படைக்கலச்சாலையில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது உலோகம் கடுஞ்சூடு கொள்வதை அவர் கண்டார். மழுங்கிய துளைக்கருவி ஒன்றை உலோக உருளையினுள் அழுத்தி, குதிரைகளைக் கொண்டு உருளையைச் சுழற்றி, சுற்றிலும் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. அங்கே நெருப்பு என்பதே இல்லை. குதிரைகள் நடக்கும்வரை வெப்பம் வந்துகொண்டே இருக்கும். எடுக்க எடுக்கக் குறையாத ஒன்று, உலோகத்தினுள் அடைபட்டுக் கிடந்த பொருளாக எங்ஙனம் இருக்கமுடியும்? அது இயக்கமே என்று 1798-இல் லண்டன் ராயல் சங்கத்தின் முன் அவர் எடுத்துரைத்தார். ஆனால் இவ்வளவு உழைப்புக்கு இவ்வளவு வெப்பம் என்ற கணக்கை அவர் முடித்துக் காட்டவில்லை. ஆகவே பழைய கொள்கை மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது.

அந்தக் கணக்கைத் தொடங்கியவர் கடல் கடந்து சென்ற ஓர் இளம் மருத்துவர். ஜெர்மனியில் ஹைல்பிரான் என்னும் ஊரில் 1814-இல் பிறந்த ராபர்ட் மேயர், 1840-இல் டச்சுக் கப்பல் ஒன்றின் மருத்துவராக ஜாவாத் தீவுக்குச் சென்றார். அக்கால வழக்கப்படி நோயுற்ற மாலுமிகளின் சிரைகளைக் கீறிக் குருதி எடுத்தபோது, அது தம் நாட்டில் கண்டதைப்போல் கருஞ்சிவப்பாக இல்லாமல் பளிச்சென்ற செந்நிறமாக இருக்கக் கண்டு வியந்தார். வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளக் குறைவாகவே எரித்தால் போதும். ஆகவே பிராணவாயுவின் பெரும்பகுதி குருதியிலேயே தங்குகிறது என்று அவர் எண்ணினார். வெப்பத்தால் தோலில் குருதியோட்டம் மிகுவதும் அந்நிறத்திற்குக் காரணம் என்பதை இன்று அறிவோம். ஆயினும் அந்தச் செந்நிறம் அவரைச் சரியான வழியில் செலுத்திற்று. உணவு எரிவதனால் உடலின் வெப்பம் வருகிறது; அதனாலேயே கையின் உழைப்பும் வருகிறது. எனவே உழைப்பும் வெப்பமும் ஒன்றே வடிவு மாறியவை. அது பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை. சொந்த ஊரில் நாள்தோறும் கண்டும் நின்று நோக்காத ஒன்றை, அயல்மண்ணில் கண்டு சிந்தித்தார் மேயர். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது புரியாததன்று.

ஊர் திரும்பிய மேயர் 1841-இல் ஓர் ஆய்வுரை எழுதிப் புகழ்பெற்ற பௌதிக இதழொன்றுக்கு அனுப்பினார். அது அச்சேறவில்லை, பதிலும் வரவில்லை. குறை முழுவதும் இதழாசிரியருடையது என்று சொல்லவும் இயலாது. மேயரின் உரையில் இயக்கவியல் பிழைகள் இருந்தன. அதனினும் பெரிய இடர்ப்பாடு சொல்லில் இருந்தது. தாம் கண்ட பொருளைக் குறிக்க அவரிடம் இருந்தது ‘விசை’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல் ஒன்றே. தள்ளுவதும் இழுப்பதும் அதே சொல். அழியாமல் வடிவு மாறுவதும் அதே சொல். தமிழிலும் ‘சக்தி’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வழங்கி இடர்ப்பட்ட நமக்கு, அவர் பட்ட பாடு நன்கு விளங்குகிறது. மறு ஆண்டு, 1842-இல், திருத்திய உரை ஒரு வேதியியல் இதழில் வெளிவந்தது. ஏறக்குறைய 365 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர், விழுந்த வேகம் முழுவதும் வெப்பமானால், ஒரு செல்சியஸ் டிகிரி சூடேறும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். அவர் கையாண்ட வாயு அளவைகள் அக்காலத்தில் திருத்தமற்றிருந்தமையால் எண் சற்றுக் குறைந்தது. சரியான உயரம் சுமார் 427 மீட்டர். கர்நாடகத்தில் 253 மீட்டர் விழும் ஜோக் நீர்வீழ்ச்சியை இக்கணக்கில் இட்டுப் பார்த்தால், தண்ணீர் 0.6 டிகிரி அளவே சூடேறக்கூடும். அத்தனை பேரிரைச்சலுக்கும் இவ்வளவே வெப்பம்!

அதே காலத்தில், மேயரை அறியாமலே, இங்கிலாந்தில் மதுவடிப்பாலை உரிமையாளர் ஒருவரின் மகனான ஜேம்ஸ் ஜூல் இவ்வுண்மையைச் சோதனையால் தேடிக்கொண்டிருந்தார். எடைக்கற்கள் கீழிறங்க, அவை சுழற்றும் துடுப்புகள் தண்ணீரைக் கலக்க, வெப்பமானி மிக நுண்ணிய அளவே ஏறும். அதனையும் விடாமல் அளந்தார். 1847-இல் ஆக்ஸ்போர்டு நகர மாநாட்டில் அவரைச் சுருக்கமாகப் பேசுமாறு பணித்தனர். வில்லியம் தாம்சன் என்னும் இளைஞர் அங்கே அதனைக் கவனித்துக் கேளாதிருந்தால், அவ்வுரையும் கேட்பாரற்றுப் போயிருக்கக்கூடும். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் அவரே. 1850-இல் ஜூல் முடிவு கண்டார்: 772 பவுண்டு எடை ஓர் அடி இறங்கினால், ஒரு பவுண்டு தண்ணீர் ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடேறும்.

அதே 1850-ஆம் ஆண்டில்தான் மேயரின் வாழ்வு இருண்டது. 1848-இல் குழந்தைகள் இருவரை இழந்திருந்தார். தாம் முன்பே கூறியதை எவரும் ஒப்பாத வேதனையும் சேர, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். பின் சில காலம் மனநல விடுதியில் கழித்தார். இதற்கிடையே ஆங்கில அறிஞர் தாமஸ் யங் 1807-இலேயே கையாண்டிருந்த ‘எனர்ஜி’ என்ற சொல்லைத் தாம்சன் முதலியோர் 1850-களில் எடுத்து வழங்கினர். அதனையே நாம் ‘ஆற்றல்’ என்கிறோம். விசைக்கு ஒரு சொல், ஆற்றலுக்கு ஒரு சொல் என்று பிரிந்த பின்னரே, மேயர் சொல்லவந்தது இன்னதென்று உலகுக்கு விளங்கிற்று. 1862-இல் டிண்டால் என்னும் அறிஞர் லண்டனில் மேயரின் தொண்டைப் பலரறிய எடுத்துரைத்தார். ராயல் சங்கத்தின் கோப்ளே பதக்கம் 1870-இல் ஜூலுக்கும் 1871-இல் மேயருக்கும் கிடைத்தது.

மேயர் 1878-இல் தம் ஊரிலேயே காலமானார். அவ்வாண்டில் ஜூல் தம் எண்ணை மீண்டும் ஒருமுறை அளந்து 772.55 என்று திருத்தினார். 1889-இல் மறைந்த ஜூலின் கல்லறையில் அவ்வெண் பொறிக்கப்பட்டுள்ளது. மேயரிடம் கருத்து முன்னதாகவே இருந்தது. அதனைச் சுமக்கும் சொல்தான் இல்லை. கலைச்சொல் காண்பது அறிஞர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். பொருத்தமான சொல் வாய்க்காத ஒரு மனிதர் தம் உண்மையோடு இருபதாண்டுகள் தனித்து நின்றார்.

நாளை விடியற்காலையில் டம்ளரைத் தொட்டு, “எவ்வளவு சில்லென்றிருக்கிறது!” என்று வீட்டுப் பிள்ளை சொன்னால், அது பிழையென்று திருத்தவேண்டா. பலகையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் இந்த வேற்றுமை என்று அப்பிள்ளை கேட்கும்போது, அளவுக்கு ஒரு சொல்லும் நிலைக்கு ஒரு சொல்லும் தமிழில் நமக்கு ஆயத்தமாக உள்ளன.